அம்மா அப்பா மாலத்தீவு வருகிறார்கள்: என் தீவா, கெஸ்ட் ஹவுஸா, ரிசார்ட்டா, கொழும்பா?

இங்கே வாத்தியார் வேலைக்கு வந்த எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் ஊரிலிருந்து அந்த போன் வந்துவிடும்: "இந்த லீவுக்கு நீ வர வேண்டாம், நாங்களே வந்து பார்த்துவிட்டுப் போகிறோம்." எனக்கும் வந்தது. நான் ரா அடோலில் (அடோல் என்றால் வளையமாக அமைந்த தீவுக்கூட்டம்) ஒரு சிறிய தீவில் கணக்குப் பாடம் எடுக்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடி. இதுவரை இரண்டு தடவை வீட்டார் வந்து போயிருக்கிறார்கள், ஒருமுறை கொழும்பில் சந்தித்தோம், வரும் ஏப்ரலில் அம்மா, அப்பா, அக்கா, அத்தான், அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஆறு பேராக வருகிறார்கள். மற்ற அடோல்களில் இருக்கும் நம் ஊர் ஆசிரியர்கள் எங்கே தங்க வைப்பது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பதால் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறையைப் பார்த்து இடம் பிடிக்காதீர்கள், படகைப் பார்த்துப் பிடியுங்கள்.

ஏன் என்றால், ஏறத்தாழ 1,200 தீவுகள், அதில் மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவு, ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போக பெரும்பாலும் கடல்தான் வழி. பொதுப் படகுகள் பல வெள்ளிக்கிழமை ஓடாது, இங்கே வார விடுமுறையே வெள்ளியும் சனியும்தான். கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும், ஆக சாயங்காலம் மாலேயில் இறங்கினால் ஓர் இரவு அங்கேயே தங்கித்தான் தீர வேண்டும், அந்த அறைச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே பருவம். இருவாய் என்று இங்கே சொல்லும் வடகிழக்குக் காற்றுக் காலத்தில், அதாவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, கடல் பெரும்பாலும் சாது. மே பிறந்தால் ஹுல்ஹங்கு, தென்மேற்குக் காற்று, மழை, அலை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு லீவு கிடைப்பதோ ஏப்ரல் கடைசியிலும் மேயிலும். அதனால் பரீட்சை முடிந்த மறுநாளே கிளம்பச் சொல்லுங்கள், பத்து நாள் தள்ளினாலும் கடல் மாறிவிடலாம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை அம்மாவும் அப்பாவும் ஜூனில் வந்தார்கள். உள்நாட்டு விமானம் செலவு என்று நினைத்து மாலேயிலிருந்து நேராக விரைவுப் படகில் கூட்டி வந்தேன், நான்கு மணி நேரம். முதல் அரை மணிக்குப் பிறகு அம்மா பேசவே இல்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள், வாந்தி எடுத்து எடுத்து வயிற்றில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவள் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மகன் இருக்கும் இடத்தைப் பார்க்க வந்தவளுக்கு நான் கொடுத்தது அதுதான், இன்றைக்கும் மனது கேட்கவில்லை. அடுத்த முறை எங்கள் அடோலில் விமான நிலையம் இருக்கும் இஃபுரு வரை விமானம், அங்கிருந்து மட்டும் படகு என்று மாற்றினேன். டிக்கெட்டில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்தான், ஆனால் அந்தப் பணத்தை மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது.

சரி, முதல் வழி, நாம் வேலை பார்க்கும் தீவிலேயே தங்க வைப்பது. என்னைக் கேட்டால் அம்மா அப்பாவுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. அவர்கள் பார்க்க வருவது நீலக் கடலை இல்லை, நாம் எந்தக் கட்டிலில் தூங்குகிறோம், எந்தக் கடையில் அரிசி வாங்குகிறோம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதைத்தான். என் தீவில் அம்மா வந்த சேதி தெரிந்ததும் மாணவர்களின் வீட்டிலிருந்து தட்டுத் தட்டாகச் சாப்பாடு வந்தது. மஸ் ஹுனி என்ற மீன்-தேங்காய்க் கலவையை வாயில் வைத்த உடனே "இது நம்ம மாசிதானே" என்றாள். சூரை மீனை அவித்துப் புகை போட்டுக் காய வைத்த மாலத்தீவு மாசிதான் நம் கரையோர வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் அதே மாசிக்கருவாடு, அது விளையும் ஊருக்கே வந்துவிட்டோம் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். சாயங்காலம் கடற்கரையில் ஜோலி என்ற வலை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, திவேஹி ஒரு வார்த்தை தெரியாமலே பக்கத்துப் பெண்களோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு முன்னேற்பாடு நிறைய வேண்டும். இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் காட்டச் சொல்வார்கள். நம் வீட்டிலேயே தங்க வைப்பதானால் அதற்கு என்ன தாள் வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அல்லது தீவிலேயே கெஸ்ட் ஹவுஸ் இருந்தால் இரவுக்கு அங்கே, பகலுக்கு நம் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும், இலவசம், பெரியவர்களுக்கு நாமே போட்டுக்கொடுப்பது நல்லது. அப்புறம் ஒன்று, இதை அம்மாக்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்: வழிபாட்டுச் சிலைகளை இந்த நாட்டுக்குள் கொண்டுவர அனுமதியில்லை. பெட்டியில் சின்னப் பிள்ளையார் இருந்தாலும் சுங்கத்தில் நிறுத்துவார்கள். வீட்டிலேயே கும்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ரம்ஜான் மாதம் விழுகிறதா என்றும் பாருங்கள், குடியிருப்புத் தீவுகளில் பகலில் கடைகளில் சாப்பாடு கிடைக்காது, சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியவர்களுக்கு அது கஷ்டம். மருத்துவத்துக்கு ஒவ்வொரு குடியிருப்புத் தீவிலும் சுகாதார நிலையம் உண்டு, எங்கள் அடோலில் பெரிய ஆஸ்பத்திரி உங்கூஃபாருவில், அதற்கும் படகுதான்.

குறை என்றால் பிள்ளைகளுக்கு மூன்றாம் நாள் அலுத்துவிடும். ஒரு கிலோமீட்டர் தீவை எத்தனை தடவை சுற்றுவது?

அங்கேதான் இரண்டாவது வழியான கெஸ்ட் ஹவுஸ் தீவு கைகொடுக்கிறது. 2009-க்கு முன்னால் வெளிநாட்டுப் பயணிகள் குடியிருப்புத் தீவுகளில் தங்குவதற்கே இடமில்லாமல் இருந்தது, அதன் பிறகுதான் விடுதிகள் திறந்தன, நம் சம்பளக்காரர்களுக்கு அது பெரிய உதவி. மாஃபுஷிக்கு மாலேயிலிருந்து விரைவுப் படகில் முக்கால் மணிக்குள் போய்விடலாம், மெதுவான பொதுப் படகில் ஒன்றரை மணி நேரம். கூட்டம் அதிகம், ஆனால் ஸ்நார்க்லிங், மணல்திட்டு, டால்ஃபின் பார்க்கும் படகு எல்லாம் மலிவாகக் கிடைக்கும், இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அது சரி. எனக்கு மனசுக்குப் பிடித்தது தொத்தூ. மாலத்தீவில் விவசாயத்துக்குப் பெயர் போன தீவு, தர்ப்பூசணியும் பப்பாளியும் தோட்டம் தோட்டமாக நிற்கும். நீச்சல் தெரியாத, கடலில் இறங்க மாட்டேன் என்கிற பெரியவர்கள் அங்கே காலையில் ஒரு நடை போய், பாத்தி வெட்டியிருப்பதைப் பார்த்து, பழம் வாங்கிச் சாப்பிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் படகு ஒரு மணி நேரத்துக்கு மேல், இருவாய்க் காலத்தில் மட்டும் போங்கள். திகுராவில் வருடம் முழுக்கத் திமிங்கலச் சுறா பார்க்கலாம் என்பார்கள், உண்மைதான், ஆனால் அது நடுக்கடலில் குதிக்கத் தெரிந்தவர்களுக்கு. பக்கத்து பா அடோலின் ஹனிஃபாரு விரிகுடாவும் அப்படித்தான், மான்ட்டா திருக்கைகள் கூட்டமாகக் கூடும் காலம் மே முதல் நவம்பர் வரை, அதாவது அம்மாவைப் படகில் ஏற்றவே கூடாத மாதங்கள்.

பணத்தைப் பார்த்தால், 50 அறைக்குக் குறைந்த விடுதிகளில் பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12 டாலர், 2025 ஜனவரியிலிருந்து இந்தக் கணக்கு. எங்கள் வீட்டு ஆறு பேருக்கு விடுதியில் இரவுக்கு 36 டாலர், ரிசார்ட்டில் 72. அறை வாடகையில் சேராமல் தனியாக வரும், இதற்கு மேல் சுற்றுலாத் துறைக்கான 17 சதவீத வரியும், சேவைக் கட்டணமும். முன்பதிவுப் பக்கத்தில் பார்க்கும் விலையை நம்பி அக்காவிடம் தொகை சொல்லிவிடாதீர்கள்.

ரிசார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அழகுதான், சுத்தம்தான். ஆனால் கடல்விமானம் போகவர மட்டும் பெரியவர் ஒருவருக்கு 400 டாலருக்குக் குறையாமல் கேட்கும் இடங்களே நிறைய, பெட்டிக்கு 20 கிலோதான், அங்கே போனபின் வெளியே எட்டிப் பார்க்க ஓர் ஊரே இல்லை. புதுமணத் தம்பதிக்குச் சரி. குடும்பத்துக்கு ஆசையாக இருந்தால், பகல் மட்டும் போய்வர அனுமதிக்கும் ரிசார்ட்டுகள் இருக்கின்றன, மாலே பக்கத்தில் படகில் போகும் தூரத்தில் ஒன்றைப் பிடித்து, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புங்கள். புகைப்படமும் கிடைக்கும், பணமும் தப்பும்.

நான்காவது, நாம் இங்கிருந்து போய்க் கொழும்பில் சந்திப்பது. பலர் இதை யோசிப்பதே இல்லை. மாலத்தீவு விட்டுப் போகும் வெளிநாட்டவருக்கு எகானமி டிக்கெட்டில் வெளியேறும் வரி 50 டாலர், விமான நிலைய வளர்ச்சிக் கட்டணம் 50 டாலர் சேர்ந்திருக்கிறது, ஆறு பேருக்கு 600 டாலர். அந்தப் பணம் இலங்கையில் வண்டி வாடகைக்கே ஆகும். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் ஒரு மணி நேரம், மாலேயிலிருந்து எனக்கு ஒன்றரை மணி நேரம். ஈடிஏ என்ற இணையப் பயண அனுமதி மட்டும் முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குப் படகு கிடையாது, கடைக்காரரிடம் தமிழில் பேசலாம், சைவச் சாப்பாட்டுக்குத் தேட வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வடக்கே சிலாபம் முன்னேஸ்வரம் போய்ச் சிவனைக் கும்பிட்டோம், அடுத்த நாள் கண்டி. அம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. ஆனால் கிளம்பும்போது அவள் கேட்ட கேள்வி, "அப்போ நீ இருக்கிற வீடு எப்படியிருக்கு?" ஒருமுறைகூட வந்து பார்க்காத பெற்றோர் என்றால் முதல் சந்திப்பைக் கொழும்பில் வைக்காதீர்கள். இரண்டாம் முறைக்கு, அல்லது விடுமுறை மேக்கு மேல் தள்ளிப்போனால், கொழும்புதான் முதல் தேர்வு.

படகே முடியாது, மாலத்தீவும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குத் தெற்குக் கோடியில் அட்டு அடோல் இருக்கிறது. கான் தீவில் விமானம் இறங்கும், 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படை இருந்த இடம், அங்கிருந்து ஹிததூ வரை தீவுகளைச் சாலையாலேயே இணைத்திருக்கிறார்கள், கார் வைத்து முழுக்கச் சுற்றலாம். அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் கவலையே பாதி இல்லை.

இந்த ஏப்ரலுக்கு நான் போட்டிருப்பது இப்படி: திருவனந்தபுரத்திலிருந்து மாலே, அன்றிரவு மாலேயை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் தங்கல், மறுநாள் காலை இஃபுரு விமானம், என் தீவில் ஐந்து இரவு, திரும்பும் வழியில் மாஃபுஷியில் பிள்ளைகளுக்காக இரண்டு இரவு. படகு நாள் எதுவும் வெள்ளியில் விழாமல் பார்த்துவிட்டேன். அம்மாவுக்குப் படகின் பின் இருக்கை, அங்கே குலுக்கல் குறைவு, ஏறுவதற்கு முன்னால் மாத்திரை.

மாலேயில் அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன். 1658-ல் பவளக்கல்லில் கட்டிய ஹுக்குரு மிஸ்கீ என்ற பழைய பள்ளிவாசலைப் பார்க்கலாம் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன், அப்பாவுக்கு அதில் அக்கறையில்லை. அவர் தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர், வெங்காயமும் காய்கறியும் கட்டுமானக் கல்லும் தோணியில் மாலேக்கு ஏறுவதைத் தினமும் பார்த்தவர், இறங்குமிடத்தைப் பார்த்ததில்லை. ஜூனில் வந்தபோது அம்மா இருந்த நிலையில் அதற்கு நேரமே கிடைக்கவில்லை. இந்த முறை விமானம் இறங்கியதும் முதலில் அங்கேதான் போகிறோம்.