பழைய பிளாஸ்டிக் சிப்பாய்கள்: ஏர்ஃபிக்ஸா, எஸ்சியா, தமியாவா?

பழைய பிளாஸ்டிக் சிப்பாய் உருவங்களின் தரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் உடனே முகத்தைப் பார்ப்பார்கள், கோட்டுப் பொத்தான் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது சிப்பாய் நிற்கும் விதத்தை. உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது? குறி பார்ப்பவனின் தோள் அதற்கேற்ப ஏறியிருக்கிறதா? இது சரியாக இருந்தால் மற்றதைப் பெயின்டில் சமாளித்துவிடலாம். இது தப்பாக இருந்தால் எத்தனை பொத்தான் இருந்தும் பிரயோஜனமில்லை.

கோவையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ என்று எங்கே திரும்பினாலும் டை (பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் உலோக அச்சு) செய்கிற, மோல்டிங் ஓட்டுகிற பட்டறைகள். ஒரு சிப்பாயை எடுத்துக்கொண்டு போய் டை ஃபிட்டரிடம் காட்டினால், "இதை இந்தப் பக்கம் இழுத்தா மாட்டிக்குமுங்க, அதான் இங்க நிரப்பி உட்டிருக்காங்க" என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். அது முக்கியமான பாடம். இரண்டே பாதி கொண்ட டையில், நெஞ்சுக்குக் குறுக்கே துப்பாக்கி பிடித்தவனுக்குத் துப்பாக்கிக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி விட முடியாது, பிளாஸ்டிக் அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் மடிப்பும் பட்டையும் மழுங்கும். இதெல்லாம் சிற்பியின் குற்றமல்ல. கையையும் காலையும் டை பிரிகிற தளத்திலேயே விரித்து வைத்து, அப்படியும் ஆள் தட்டையாகத் தெரியாமல் செய்தானா என்பதில்தான் அவன் திறமை.

பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1959-இல் இந்தச் சின்ன உருவங்களைத் தொடங்கியது. மென்மையான பாலிஎத்திலீன், ஒரே துண்டாக வந்த ஆட்கள். பெட்டியில் ஹெச்ஓ, ஓஓ இரண்டும் சேர்த்துப் போட்டிருக்கும். இரண்டும் ரயில் மாடல்களின் அளவுகள்: ஹெச்ஓ என்றால் நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு (1/87), ஓஓ என்றால் 1/76. 175 செ.மீ. உயரமுள்ள ஆள் முதல் கணக்கில் 20 மி.மீ., இரண்டாவதில் 23 மி.மீ. ஆகவே பெட்டியை நம்பாமல் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஆரம்பகாலச் செட்களில் கணுக்கால் தடிமன், முகம் மங்கல், விரல்கள் தனித்தனியாகத் தெரியாது. 1970-களில் எட்டாவது ராணுவம், ஆப்பிரிக்கா கோர் (இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் மோதிய பிரிட்டிஷ், ஜெர்மன் படைகள்) போன்ற செட்களைப் புதிதாகச் செதுக்கிக் கொஞ்சம் பெரிதாக்கி வெளியிட்டார்கள். பெயர் அதேதான், ஆனால் சரக்கு வேறு. இந்த இரண்டாவது பதிப்பு ஆட்களிடம் ஓட்டம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் வாங்குவதென்றால் இதைத் தேடி வாங்குங்கள்.

இத்தாலியின் எஸ்சி 1980-களில் 1/72 அளவில் இறங்கியது. இதுவும் மென்மையான பிளாஸ்டிக்தான், ஆனால் வேலை எவ்வளவோ கூர்மை. தோல்பட்டை, தண்ணீர்க் குடுவை, துணி மடிப்பு எல்லாம் சாய்வெளிச்சத்தில் பளிச்சென்று நிற்கும். குறை என்னவென்றால் சில ஆட்கள் விறைப்பு. ஓடுகிறவன்கூட ஓட்டத்தின் நடுவில் நிறுத்திவைத்தவன் போல இருப்பான். எஸ்சியின் பல செட்களைப் பின்னாளில் இட்டாலெரி அதே டைகளில் மறுபடி அடித்து விற்றது. மறுவெளியீடு வாங்கும்போது பிசிறை, அதாவது டையின் இடுக்கில் கசிந்து ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கைப் பாருங்கள். டை தேயத் தேயப் பிசிறு கூடும், இரு பாதியும் நேராக உட்காராமல் உடம்பின் ஓரத்தில் படி விழும். கடினப் பிளாஸ்டிக்கில் பிசிறைச் சுரண்டிவிடலாம். மென்மையானதில் கத்தி வைத்தால் நார் நாராக எழும்பும். அதனால்தான் இந்த வகையில் டையின் நிலை எனக்கு அவ்வளவு முக்கியம். அளவு சரியாக இருந்து பிசிறும் குறைவாக இருந்தால், சின்ன உருவங்களில் என் ஓட்டு எஸ்சிக்கே.

ஜப்பானின் தமியா வேறு உலகம். 1/35 அளவு, அதாவது 175 செ.மீ. ஆள் 50 மி.மீ. கடினமான பாலிஸ்டைரீன், கையும் தலையும் முதுகு மூட்டையும் தனித்தனித் துண்டுகள். மோட்டார் ஊரான கோவைக்காரர்களுக்கு ஒரு விஷயம்: அந்த 1/35 வந்ததே, தமியாவின் முதல் டாங்கிக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்பதற்காகத்தான். துண்டு துண்டாக வருவதால் மேலே சொன்ன அடைப்பு இதில் கிடையாது. துண்டுகள் பொருந்துவதும் சுத்தம். ஆனால் 1970-களின் ஆட்களுக்கு முகம் வழுவழு, கன்ன எலும்பு இல்லை, கை விரல்கள் உறை போட்டது போலத் தெரியும். டாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தத் தாராளமாகப் போதும். தனியாக மேசையில் வைத்துப் பார்க்க எனக்கு நிறைவில்லை.

அப்புறம் வயது. ஈரோடு, கரூர்ப் பக்கம் தகர ஷீட் போட்ட பரணில் பல கோடைகள் கிடந்த செட் என்றால் கவனம் தேவை. வெயிலும் காற்றும் பட்டு மென்பிளாஸ்டிக் மொறமொறப்பாகிவிடும். ஒரு பயோனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) லேசாக வளைத்தால் வளைய வேண்டும், படக்கென்று ஒடிந்தால் அந்தச் செட்டை விட்டுவிடுங்கள். வளைந்தாலும் பெயின்ட் உரியும் தொந்தரவு தீராது. சோப்புத் தண்ணீரில் கழுவி, வளைந்துகொடுக்கிற பிரைமர் பூசினால் ஓரளவு தாங்கும்.

நம் பக்கத்துச் சண்டையைச் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டின் கணக்கு மாறும். 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை காலத்துக் கம்பெனிச் சிப்பாய் வேண்டும் என்றால் சிவப்புக் கோட்டுக்குக் கீழே அரைக்கால்சட்டை, வேறு தலைப்பாகை. அதற்கு வெட்டி ஒட்டியாக வேண்டும். பாலிஎத்திலீன் எந்த மாடல் பசையிலும் சரியாக ஒட்டாது. பாலிஸ்டைரீன் உருகிச் சேர்ந்து ஒரே உடம்பாகிவிடும். ஆகவே ஏர்ஃபிக்ஸும் எஸ்சியும் இங்கே வெளியே. பிரான்ஸின் ஹிஸ்டோரெக்ஸ் 54 மி.மீ. நெப்போலியன் காலத்து உருவங்கள்தான் இதற்கு என் முதல் தேர்வு: கடினப் பிளாஸ்டிக், முழுக்கத் தனித்துண்டுகள், காலமும் பொருந்துகிறது. அது கிடைக்காவிட்டால் பழைய தமியாவின் உடம்பை எடுத்துக்கொண்டு, முகத்தை மட்டும் எபாக்ஸி புட்டியில் (பிசைந்து வைத்தால் இறுகும் பசைமண்) புதிதாகச் செதுக்குங்கள்.