மலை வீட்டில் டிரையர்: காற்று தடைபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஊட்டியிலும் குன்னூரிலும் துணி காயவைக்கும் டிரையர் ஆடம்பரப் பொருள் அல்ல. ஆடிச் சாரலில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வீட்டுக்குள் காய நாள் கணக்கில் ஆகும். கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் அதே கதைதான். வாங்கும்போது எல்லோரும் கிலோவையும் விலையையும் பார்க்கிறோம். பல வருடம் புழங்கியபின் தெரிவது வேறு: மெஷின் நன்றாக ஓடுவதும் பாதியில் படுத்துக்கொள்வதும் அதற்குள் ஓடும் காற்றைப் பொறுத்தது.

முக்கியமாகச் சொல்ல வருவது ஈரக்காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வென்டட் வகையைப் பற்றி. அறைக் காற்றை உள்ளே இழுத்து, ஹீட்டரில் சூடாக்கி, துணி சுழலும் டிரம்முக்குள் விட்டு, பஞ்சு ஃபில்டரைத் தாண்டி வெளியேற்றுகிறது அது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் ஹீட்டரின் சூட்டை எடுத்துச் செல்லும் காற்றின் எடை குறைந்துவிடுகிறது. சென்னையில் லேசான அடைப்போடு சமாளிக்கும் மெஷின் இங்கே அதே அடைப்பில் அடிக்கடி, சூடு மிஞ்சினால் ஹீட்டரை நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட் ஆகி, வேலையை இழுத்தடிக்கும். அதனால் மலையில் இருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்கத்தான் வேண்டும்.

ஃபில்டரில் ஒட்டும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும். கம்பளியும் ஃபிளீஸும் போட்டால் ஒரே ஓட்டத்தில் கனமான படலம் சேர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அடைப்பும் உண்டு: துணிக்கு ஊற்றும் கண்டிஷனர் மெல்லிய பூச்சாக வலையில் படியும். குழாயடியில் ஃபில்டரைப் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வலையில் தேங்கி நின்றால் பூச்சு இருக்கிறது என்று அர்த்தம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள். ஈர வலையில் பஞ்சு அப்பிக்கொள்ளும்.

எங்கள் பார்வையில் பாதிக்கு மேற்பட்ட தொல்லை குழாயில்தான். பலரும் மாட்டுவது சுருள் சுருளாக மடங்கும் பிளாஸ்டிக் ஹோஸ். மெஷினைச் சுவரோடு தள்ளினால் அது நசுங்கும். மடிப்புக்கு மடிப்பு பஞ்சு பிடிக்கும். பஞ்சு எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. உட்புறம் வழவழப்பான 4 அங்குல அலுமினியம் அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் போடுங்கள், தகர வேலை செய்யும் பட்டறையில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். ஒரு குழாயின் வாய் அடுத்ததற்குள் காற்று போகும் திசையில் நுழைய வேண்டும். இணைப்பில் அலுமினிய ஃபாயில் டேப் ஒட்டினால் போதும். ஸ்க்ரூ வேண்டாம், உள்ளே நீட்டும் முனையில் பஞ்சு சிக்கும். ஒரு 90 டிகிரி எல்போ (வளைவுத் துண்டு), 5 அடி நேர்க்குழாய்க்குச் சமமான தடை. எனவே இரண்டு எல்போ போட்டு அழகாக மறைப்பதைவிட, மெஷினை வெளிச்சுவர் ஓரம் நகர்த்துவது மேல்.

குளிர் ஊரில் இன்னொரு சிக்கல். சூடான ஈரக்காற்று ஜில்லென்ற தகரத்தில் பட்டதும் தண்ணீராகிறது. அதில் பஞ்சு குழைந்து களிமண்போல் இறுகுகிறது. குழாயை மீட்டருக்கு 2 செ.மீ. வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள். மச்சு வழியாகவோ திறந்தவெளியிலோ போகும் பகுதிக்குக் கிளாஸ் உல் (சூட்டைக் காக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு) சுற்றுங்கள். வெளிவாயில் தானே திறந்து மூடும் தகட்டு மூடி இருக்கட்டும். கொசுவலை மட்டும் கட்டவே கட்டாதீர்கள், சீக்கிரமே பஞ்சு மூடிவிடும். மூடி இறுக்கமில்லாவிட்டால் குருவியும் குளவியும் உள்ளே கூடு கட்டும். குரங்கு வரும் பகுதியில் பிளாஸ்டிக் மூடி நிலைக்காது.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டும். குளிருக்காக எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு டிரையரை ஓட்டினால் விசிறி திணறும். அதைவிடப் பெரிய ஆபத்து: பழைய பங்களாக்களில் கணப்பு எரியும்போது டிரையர் அதன் புகையைச் சிம்னி வழியே வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடலாம். கேஸ் கீசரும் அப்படித்தான். இரண்டிலும் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வரும். அது உயிரைப் பறிக்கும். டிரையர் ஓடும்போது அந்த அறையின் ஜன்னல் நாலு விரல் அகலமாவது திறந்திருக்கட்டும். அதே நேரத்தில் கணப்பும் கேஸ் கீசரும் எரிய வேண்டாம்.

துணி காயவில்லை என்றால் முதலில் கையால் தொட்டுப் பாருங்கள். துணி சூடாகவும் ஈரமாகவும் இருந்து, மெஷினின் மேல்தகடும் கொதித்தால் காற்று அடைபட்டிருக்கிறது. துணி குளிர்ந்து ஈரமாக இருந்தால் ஹீட்டரையோ மின்சாரத்தையோ சந்தேகப்படுங்கள். 230 வோல்ட் 190 ஆக இறங்கினால் ஹீட்டரின் சூடு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடைப்பு எங்கே என்று அறிய, ஜன்னலைத் திறந்து வைத்து, குழாயைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் ஓட்டுங்கள். பின்புறம் காற்று பலமாக வந்தால் கோளாறு குழாயில். அங்கேயும் மந்தமென்றால் ஃபில்டரிலோ, அதன் அடிக்குழியிலோ, விசிறி இறக்கையிலோ. டிரம் சுற்றியும் சூடே இல்லையென்றால் அளவுமீறிச் சூடானால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் தெர்மல் ஃப்யூஸ் போயிருக்கலாம். ஒயரை நேராக இணைத்து ஓட்டித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஃப்யூஸ் பெரும்பாலும் அடைப்பால்தான் போகிறது. அடைப்பை எடுத்துவிட்டுப் புதியது போடச் சொல்லுங்கள்.

குழாயை மழைக்கு முன், மே மாதக் கடைசியில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீளப் பிரஷ்ஷால் துடையுங்கள்.

ஈரக்காற்றை வெளியே தள்ளாமல், அதன் ஈரத்தை உள்ளேயே தண்ணீராக்கிப் பிரிக்கும் ஹீட் பம்ப் வகைக்கு வெளிக்குழாய் வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளில் பஞ்சு படியும். மென்மையான பிரஷ் வைத்த வாக்குவம் கிளீனரால், தகடு வளையாமல், அது நீண்டிருக்கும் வாக்கிலேயே இழுக்க வேண்டும். அறை 5 டிகிரிக்குக் கீழே போனால் இந்த வகை சரியாக ஓடாது. உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் போடாமல், வெயில் ஏறியபின் போடுங்கள்.