ஹாட்யாய்க்கு ஒன்று, திருச்சிக்கு வேறொன்று: கார்டா, கையில் காசா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இரண்டே பேச்சுதான். ஒன்று எல்லை தாண்டித் தாய்லாந்தில் இருக்கும் ஹாட்யாய், இன்னொன்று இந்தியா. செலவுக்குப் பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டால், தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா மாதிரி ஆட்கள் மணி சேஞ்சரைக் காட்டுவார்கள். பிள்ளைகள், செயலியில் பணம் ஏற்றி வெளிநாட்டில் செலவழிக்கிற வைஸ் கார்டு என்பார்கள். என்னைக் கேட்டால் இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. எந்தக் கார்டு மலிவு என்று அலசுவதற்கு முன்னால், போகிற இடத்துக் கடைக்காரர் எதை வாங்கிக்கொள்வார் என்று பார்க்க வேண்டும்.

மணி சேஞ்சரில் 'கட்டணம் இல்லை' என்பார்கள். உண்மைதான், ரசீதில் கட்டணம் இருக்காது, விலைக்குள் இருக்கும். பலகையில் 100 ரூபாய்க்கு விற்கும் விலை 4.90 வெள்ளி (ரிங்கிட்), வாங்கும் விலை 4.60 என்று வைத்துக்கொள்வோம். நடு விலை 4.75. அப்படியானால் நீங்கள் 3 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலேயே கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். 3,000 வெள்ளி மாற்றினால் 90 வெள்ளிக்கு மேல் போய்விடும். ஈப்போவில் நாலு கடை ஏறி இறங்கினால் இந்த இடைவெளி குறையலாம், அதற்கு வேறு பெட்ரோல் செலவு. ரூபாய் நோட்டில் இன்னொரு வம்பும் உண்டு. அடுத்த பயணத்துக்கு ஆகும் என்று அலமாரியில் வைத்த 500, 1,000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பரில் ஒரே இரவில் செல்லாமல் போனதை நம் ஊரில் பலர் இன்னும் மறக்கவில்லை. 2023இல் 2,000 ரூபாய் நோட்டையும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றார்கள். தவிர, இந்தியாவுக்குள் ஒருவர் கொண்டுபோகக்கூடிய இந்தியப் பணம் 25,000 ரூபாய்தான்.

வைஸ் இங்கே கார்டு கொடுக்கத் தொடங்கியது 2021இல். அதன் பலம் நடு விலையிலேயே மாற்றித் தருவதும், தன் கூலியைத் தனியாக எழுதிக் காட்டுவதும். எவ்வளவு பிடித்தார்கள் என்று தேடவே வேண்டாம், செயலியிலேயே தெரியும். சென்னையில் இருக்கும் சொந்தக்காரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினாலும் இதே கணக்குதான். ஏடிஎம்மில் மாதத்துக்கு இரண்டு தடவை, மொத்தம் 1,000 வெள்ளி வரை வைஸ் கூலி பிடிப்பதில்லை. அதற்கு மேல் பிடிக்கும். தமிழ்நாட்டு ஏடிஎம்களில் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மேலே சொன்ன விலையில் அது 475 வெள்ளி, இரண்டு தடவை எடுத்தால் 950. வரம்புக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். அந்த ஊர் வங்கி தன் பங்குக்கு ஏதாவது பிடித்தால் அதை வைஸ் தடுக்க முடியாது.

இவ்வளவு மிச்சம் பிடித்ததை ஒரு பொத்தானில் கோட்டை விடவும் முடியும். தி. நகரில் புடவை எடுத்துவிட்டுக் கார்டை நீட்டினால், சில இயந்திரங்கள் வெளிநாட்டுக் கார்டு என்று கண்டுகொண்டு தொகையை ரிங்கிட்டில் காட்டும். பழகிய நாணயம், பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த மாற்று விலையைப் போடுவது உங்கள் கார்டு நிறுவனம் இல்லை, அந்தக் கடையின் வங்கி. பல விழுக்காடு அதில் கரைந்துவிடும். பில் போடுகிற பையன் அவசரத்தில் பச்சைப் பொத்தானை அமுக்குவதற்குள் "தம்பி, ரூபாயிலேயே போடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஏடிஎம் திரையிலும் இதே கேள்வி வரும். மாற்றம் வேண்டாம் என்பதைத் தொடுங்கள். பணம் வரும், பயம் வேண்டாம்.

சரி, ஹாட்யாய்? அங்கே எனக்கு வைஸ் இரண்டாம் பட்சம். எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் தாண்டியதும் பழக்கடை, மசாஜ் கடை வரைக்கும் கியூஆர் அட்டை தொங்குகிறது. கியூஆரில் பணம் கட்டும் நம் டூயிட் நவ்வும் தாய்லாந்தின் பிராம்ட்பேயும் 2021இலேயே கைகோத்துவிட்டதால், டச் அண்ட் கோ மாதிரி நம் ஊர்ப் பணச் செயலியால் ஸ்கேன் செய்தால் போதும். உறுதி செய்வதற்கு முன்பே எத்தனை வெள்ளி என்று காட்டிவிடும். சிங்கப்பூர், இந்தோனேசியாவிலும் இந்த வசதி உண்டு. அறுபது பாட் மாம்பழத்துக்கு யாராவது கார்டு இயந்திரத்தைத் தேடுவார்களா?

தமிழ்நாட்டில் இது அப்படியே தலைகீழ். அங்கேயும் டீக்கடை முதல் பூக்கடை வரை கியூஆர்தான், ஆனால் அது யூபிஐ. உள்ளூர்க்காரர்களின் வங்கிக் கணக்கோடு ஓடுவது. ஹாட்யாயில் மாதிரி நம் செயலியைக் காட்டி அங்கே சுலபமாகக் கட்ட முடியாது. சின்னக் கடைகளில் வெளிநாட்டுக் கார்டும் எடுபடாது. ஆகவே ஹோட்டலுக்கும் துணிக்கடைக்கும் கார்டு. பழனி அடிவாரத்துக்கும் ஆட்டோவுக்கும் நோட்டு. இந்த ஒரு விஷயத்தில் பெரியப்பா கட்சி ஜெயித்தது. விமான நிலையத்திலிருந்து ஊர் போய்ச் சேரும் அளவுக்கு இங்கேயே மாற்றிக்கொண்டு, மீதியை அங்கே ஏடிஎம்மில் எடுப்பது என் வழக்கம்.

வைஸ், டச் அண்ட் கோ இரண்டிலும் கிடக்கும் பணம் மின்பணம்தான். வங்கியில் போட்ட பணத்துக்கு வைப்புத்தொகைக் காப்புறுதி நிறுவனமான பிஐடிஎம் தரும் 250,000 வெள்ளி வரையிலான பாதுகாப்பு அதற்குக் கிடையாது. பயணச் செலவுக்கு வேண்டியதை மட்டும் ஏற்றினால் போதும், இபிஎஃப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

அப்புறம் பழைய வங்கிக் கார்டு. விசா, மாஸ்டர்கார்டு மாதிரி கார்டு வலையமைப்பின் 1 விழுக்காடு, அதற்கு மேல் வங்கியின் பங்கு என்று பிடிப்பதால் தினச் செலவுக்கு அது தோதுப்படாது. ஆனால் ஹோட்டலில் முன்பணம் பிடித்துவைக்கும்போது கிரெடிட் கார்டு இருந்தால் உங்கள் கைக்காசு முடங்காது. அதற்காக ஒன்று பையில் இருக்கட்டும். புறப்படும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் பூட்டித்தான் வைத்திருப்பார்கள்.