நட்ஸ் சாக்லேட்: முன்பக்கம் பாதாம், பின்பக்கம் சர்க்கரை

நட்ஸ் போட்ட மில்க் சாக்லேட் நம் கடைகளில் பெரும்பாலும் நான்கு முகத்தோடு வருகிறது: பாதாம் மட்டும் போட்டது, உலர்திராட்சையும் சேர்ந்த ஃப்ரூட் அண்ட் நட், முழு ஹேசல்நட் பதித்த இறக்குமதி பார், ஊட்டியில் எடை போட்டுத் தரும் ஹோம்மேட் துண்டுகள். விலை, பெயர், படம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உறையைத் திருப்பினால் முதலில் தேட வேண்டியது ஒரே எண்தான். சேர்பொருள் பட்டியலில் பாதாமுக்குப் பக்கத்தில் நிற்கும் சதவீதம்.

பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்று சொல்லியாக வேண்டும் என்பது இந்திய லேபிள் விதி. இன்னொரு விதியும் இருக்கிறது. சாக்லேட்டோடு பருப்போ பழமோ கலந்து விற்றால் சாக்லேட் குறைந்தது 60 சதவீதம், சேர்த்த பொருள் குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும். 30 கிராம் பாரில் 10 சதவீதம் என்றால் 3 கிராம். ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம் எடை. ஆக உறையில் அருவி மாதிரி கொட்டுகிற பாதாம், உள்ளே இரண்டரைதான் இருக்கும்.

இனி சத்துக் கணக்கு. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் வெறும் மில்க் சாக்லேட்டில் 535 கலோரி, சர்க்கரை 51 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 18.5, புரதம் 7.6, நார்ச்சத்து 3.4 கிராம். அதே எடைப் பாதாமில் 579 கலோரி, சர்க்கரை 4, நிறைவுற்ற கொழுப்பு 4-க்குள், புரதம் 21, நார்ச்சத்து 12.5. இரண்டையும் 80-க்கு 20 என்று கலந்தால் 100 கிராமுக்குக் கிடைப்பது: 544 கலோரி, சர்க்கரை 42, நிறைவுற்ற கொழுப்பு 15.6, புரதம் 10, நார்ச்சத்து 5 கிராம்.

கலோரி குறையவில்லை, கொஞ்சம் ஏறியே இருக்கிறது. "நட்ஸ் இருக்கு, உடம்புக்கு நல்லது" என்று இரண்டு பார் சாப்பிடுகிறவர் ஏமாறும் இடம் இதுதான். பருப்பு செய்யும் உதவி வேறு: சர்க்கரையின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. 20 சதவீதம் சேர்த்தால் சர்க்கரை 9 கிராம் இறங்கும். 10 சதவீதம் சேர்த்தால் 5 கிராம்கூட முழுசாக இறங்காது. வைட்டமின் ஈ-யும் மெக்னீசியமும் கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்.

லேபிளில் இரண்டு இடங்களில் கண் தவறும். மொத்தச் சர்க்கரை ஒரு வரி, சேர்த்த சர்க்கரை இன்னொரு வரி. பாதாம் பாரில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் பாலிலிருந்து வரும் லாக்டோஸ். அதைப் பார்த்து மிரள வேண்டாம். இரண்டாவது, ஒரு பரிமாறலுக்கு அன்றாடத் தேவையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. பரிமாறல் என்று அவர்கள் எத்தனை கிராமை எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்காமல் அந்தச் சதவீதத்தை நம்பாதீர்கள். அதற்கு அடிப்படை நாளொன்றுக்கு 2000 கலோரி, சேர்த்த சர்க்கரை 50 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம். மேலே சொன்ன 80-20 கலவையில் 30 கிராம் சாப்பிட்டாலே நிறைவுற்ற கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு தீர்ந்துவிடும்.

ஃப்ரூட் அண்ட் நட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலர்திராட்சையின் எடையில் 60 சதவீதம்போல் சர்க்கரைதான், சாக்லேட்டைவிட அதிகம். கலோரி சற்றுக் குறையும், இனிப்பு குறையாது. சதவீதம் பழத்துக்கும் பருப்புக்கும் தனித்தனியாக இருந்தால் பருப்பின் எண்ணை மட்டும் பாருங்கள். முந்திரி ருசியில் முதல் ஆள். ஆனால் நார்ச்சத்து 100 கிராமுக்கு 3.3தான், நிறைவுற்ற கொழுப்போ பாதாமைப்போல் இரண்டு மடங்கு. வேர்க்கடலையை மட்டமாக நினைக்க வேண்டாம்: புரதம் 25 கிராமுக்கு மேல், விலையும் குறைவு. ஹேசல்நட்டில் 60 சதவீதம் எண்ணெய். அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஓலிக் அமிலம். நல்ல கொழுப்புதான், கலோரியும் அதற்கேற்ப 628.

முழுப் பருப்பா, பொடியா, விழுதா என்பதும் முக்கியம். 28 கிராம் முழுப் பாதாமில் சுமார் 170 கலோரி என்று கணக்குப் போடுகிறோம். 2012-ல் வெளியான அமெரிக்க வேளாண் துறை ஆய்வில் உடம்பு எடுத்துக்கொண்டது 129தான். செல்சுவர் உடையாத துண்டுகளில் எண்ணெய் சிக்கி அப்படியே வெளியேறிவிடுகிறது. விழுதாக அரைத்தால் இந்தச் சலுகை கிடையாது.

ஊட்டி ஹோம்மேட் துண்டுகளில் பருப்பு தாராளமாகவே இருக்கும். சிக்கல் சாக்லேட்டில். பலவும் காம்பவுண்ட் கட்டியை உருக்கிச் செய்தவை. அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் பனைக்கொட்டை எண்ணெய் (பாம் கெர்னல் ஆயில்) போன்ற தாவரக் கொழுப்பு இருக்கும். கோகோ வெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 60 சதவீதம். அதில் பாதிக்கு மேல் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றாத ஸ்டியரிக் அமிலம். பனைக்கொட்டை எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல், பெரும்பாலும் லாரிக் வகை, அது ஏற்றும். வாயில் போட்டதும் கரையாமல் மெழுகாக அண்ணத்தில் ஒட்டினால் சந்தேகப்படலாம். கடைக்காரரிடம் "காம்பவுண்டா, கோகோ பட்டரா?" என்று நேராகவே கேளுங்கள்.

கெட்டுப்போவதிலும் நட்ஸ் சாக்லேட் ஒரு படி முந்தும். பருப்பின் எண்ணெய் மெல்லக் கசிந்து சாக்லேட்டுக்குள் ஏறும், கோகோ வெண்ணெய் இளகும், மேலே சாம்பல் பூத்த மாதிரி வெளுக்கும். சித்திரை வெயிலில் மின்விசிறிக்கடியில் அடுக்கி வைக்கும் கடையில் இது சகஜம். வெளுத்தது கெட்டதல்ல, சூடான பாலில் கரைத்துக் குடிக்கலாம். பருப்பு நமுத்திருந்தால் ஈரம் பட்டிருக்கிறது. காறல் வாடை அடித்தாலோ, நூலாம்படை மாதிரி இழை தெரிந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் அரை மணி விட்டால் வியர்க்காது.

சர்க்கரை நோயாளிகளுக்கு, பருப்பு இருப்பதால் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது தப்பு. பருப்பின் கொழுப்பு ரத்தச் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், சாப்பிட்ட சர்க்கரையின் அளவைக் குறைக்காது. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பாதாமும் கோகோவும் ஒன்றாக வருவது இரட்டைச் சுமை.

எங்கள் தீர்ப்பு: பருப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். வெறும் மில்க் சாக்லேட் 15 கிராம், வீட்டில் வெறும் வாணலியில் வறுத்த பாதாம் பன்னிரண்டு பருப்பு, அதாவது சுமார் 15 கிராம். எடை அதே 30 கிராம், கலோரி கிட்டத்தட்ட அதே 165. சர்க்கரை மட்டும் 80-20 பாரின் 12.6 கிராமிலிருந்து 8.4-க்கு இறங்கிவிடும், புரதம் 4 கிராமைத் தாண்டும். பாதாமை நன்றாக ஆறவிட்டுச் சேர்த்துச் சாப்பிடுங்கள். சூடாக இருந்தால் மொறுமொறுப்பும் இருக்காது, சாக்லேட்டும் கையில் ஒழுகும்.