மரத்தில் செய்த கணக்கு வடிவங்கள்: பட்டகத்துக்காகவே வாங்கலாம்

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். அளவியல் பாடம் வந்தால் உருளைக்குப் பவுடர் டப்பா, கூம்புக்குச் சுருட்டிய காகிதம் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் ஆன்லைனில் 650 ரூபாய்க்கு, கூம்பு, உருளை, கோளம் போன்ற வடிவங்களை மரத்தில் செய்து வைத்த ஒரு பெட்டி வரவழைத்தேன்.

மரத்தில் குறை சொல்ல முடியாது. வெளிர் நிறம், சிராய் கிடையாது, கோளம் உருண்டு ஓடாமலிருக்க ஒரு வளையமும் உண்டு.

என்னை வாங்கவைத்தது மரமல்ல, கூடவே வரும் அட்டைகள். முன்பக்கம் வடிவத்தின் பெயர், பின்பக்கம் அந்தப் பெயரின் பொருள். கோன் என்றால் பைன் மரத்தின் கூம்புக் காய், சிலிண்டர் என்றால் உருளும் கட்டை, க்யூப் என்றால் பகடை என்று கிரேக்க வேர்களைச் சரியாகவே போட்டிருக்கிறார்கள். பிரிசம், அதாவது பட்டகத்தின் அட்டையில்தான் கோட்டை விட்டார்கள். ‘ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கண்ணாடி’ என்கிறது அது. சரிதான், ஆனால் அது இயற்பியல் பாடம். பிரிசம் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘அறுக்கப்பட்டது’ என்று பொருள்; ரம்பத்தால் அறுப்பதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கி.மு. 300 வாக்கிலேயே தன் வடிவியல் நூலின் 11ஆம் பகுதியில் இதற்கு இலக்கணம் சொல்லிவிட்டார். நியூட்டன் கண்ணாடிப் பட்டகத்தில் சூரிய ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தது 1660களில்.

வேடிக்கை என்னவென்றால், அட்டை சொல்லாததை அந்த மரத்துண்டே சொல்லிவிடுகிறது. முக்கோணப் பட்டகத்தின் மூன்று பக்கங்களும் இழைத்து வழவழவென்று இருக்கின்றன. இரண்டு முனைகளில் மட்டும் ரம்பப் பல் பட்ட கோடுகள் அப்படியே தெரிகின்றன, விரலால் தடவினால் சொரசொரக்கும். நீளமான முக்கோணக் கட்டையைத் துண்டு துண்டாக அறுத்திருக்கிறார்கள். குறுக்கே நேராக எங்கே அறுத்தாலும் அதே முக்கோணம்தான் வரும். கன அளவுக்கு அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கச் சொல்வது அதனால்தான். “அப்போ எங்க கடை மைசூர்பாகும் பிரிசமா சார்?” என்றான் பலகாரக் கடைக்காரர் பையன். செவ்வகப் பட்டகம் என்றேன். அப்புறம் அந்தச் சூத்திரத்தை யாரும் மறக்கவில்லை.

கூம்பின் நுனியை வெட்டியெடுத்தால் மிஞ்சும் இடைக்கண்டத்தின் அட்டையில் ஆங்கிலப் பெயரை ‘ஃபிரஸ்ட்ரம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஃபிரஸ்டம்தான் சரி, லத்தீனில் துண்டு என்று பொருள். நம் ‘கண்டமும்’ துண்டுதான், கண்டதுண்டமாக என்கிறோமே.

பெரிய குறை ஒன்று உண்டு. கூம்பு உருளையைவிட ஒரு விரற்கடை குட்டை. அடியும் உயரமும் சமமாக இருந்திருந்தால் மூன்று கூம்பு ஓர் உருளைக்குச் சமம் என்பதைத் தராசில் வைத்தே காட்டியிருக்கலாம். விற்றவருக்கு எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை.

கன அளவை அளந்து காட்டத்தான் வேண்டும் என்பவர்கள் தண்ணீர் ஊற்றும் பிளாஸ்டிக் செட் வாங்கிக்கொள்ளலாம். வடிவத்தைக் கையில் கொடுத்துப் பேர் சொல்லிப் பழக்க இது போதும். பிரிசம் அட்டையை மட்டும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.