“எனக்கு 800 பவுண் நட்டம் அண்ணே” என்று சொல்லும் கார் ஏஜன்டிடம் கவனம்

லண்டனிலிருந்து புத்தம்புதுக் கார் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் திருகோணமலையில் இப்போது ஆள் பிடித்துக்கொண்டு திரிகிறார். உவர்மலையில் இரண்டு பேர் அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன். ஆளின் பெயரை எழுதப்போவதில்லை. அவர் கணக்குப் போடும் விதத்தை மட்டும் சொல்கிறேன், அது போதும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான். அந்த நேரம் நிலாவெளியில் அப்பா விட்டுப்போன காணியை விற்ற காசு எங்களிடம் இருந்தது. தம்பியும் நானும் உப்புவெளியில் விடுதி நடத்துகிறோம். வெள்ளைக்காரரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவர நல்ல கார் ஒன்று வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். உண்மையான காரணம் ஆசை. சின்ன வயதிலிருந்தே ஜெர்மன் கார் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. ஜெர்மனியிலேயே எடுத்தால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும், இங்கே இறக்க முடியாது. லண்டன் என்றால் நம்மைப் போல வலப்பக்கம். ஹரோவில் அத்தான் வேறு இருக்கிறார், போய்ப் பார்த்து ஏற்றிவிடுவார். எல்லாம் பொருந்தி வந்தது.

ஏஜன்ட் ஓகஸ்டில் வீட்டுக்கே வந்தார். அங்கத்தைய ஷோரூம் விலைப்பட்டியலைக் காட்டினார்: கார் 48,000 பவுண். அதன் கீழே முதல் வருட ரோட் டாக்ஸ், பதிவுக் கட்டணம் 55 பவுண், நம்பர் பிளேட் என்று தனித்தனிச் செலவுகள். “செப்டம்பர் முதலாம் திகதி அங்க புது நம்பர் வருகுது அண்ணே, விலை ஏறும், இந்தக் கிழமைக்குள்ள முடிப்பம்” என்றார். அங்கே மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதுக் கார்களின் நம்பர் வரிசை மாறுவது உண்மைதான். ஆனால் கப்பலேறி அம்பாந்தோட்டைக்கு வரப்போகும் காருக்கு லண்டன் நம்பர் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

நான் விட்டேனா? மீன் சந்தையில் பாரை மீனுக்கு நிற்பது போல நின்றேன். இரண்டு மணி நேரம். இரண்டு தரம் தேத்தண்ணி. கடைசியில் 46,000க்கு இறங்கினார். அதோடு, “உங்களுக்காக ரோட் டாக்ஸ், நம்பர் பிளேட் எல்லாத்தையும் விட்டுத்தாறன்” என்றார். அங்கே ரோட்டில் ஓடாத காருக்கு ரோட் டாக்ஸே கிடையாது. இல்லாத செலவை எழுதி, அதை அடித்துவிட்டு, என்னிடம் நன்றியும் வாங்கிக்கொண்டு போனார். தன் கூலி என்று தனியாக 3 இலட்சம் ரூபா. கப்பல் கூலியும் காப்புறுதியும் வேறு.

வரியைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்ன பதில்தான் கெட்டிக்காரத்தனம். “பெட்ரோல் காருக்கு எஞ்சின் சீசீயைப் பார்த்துத்தான் வரி. அங்க நாலு பவுண் கூடிக் குறைஞ்சா இங்க ஒண்டும் மாறாது.” கலால் வரியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் 2025இல் சுங்கத் தீர்வை 20 வீதமும் அதன்மேல் பாதி மிகைவரியும் சேர்ந்து 30 வீதம், அது காரின் பெறுமதியில் ஏறியது. பெட்ரோல் காரின் பெறுமதி 50 இலட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்குச் சொகுசு வரி. இவற்றோடு 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி). அங்கே கூடக் கொடுக்கும் ஒவ்வொரு பவுணும் இங்கே வந்து குட்டி போடும். அரை உண்மையைச் சொல்லி என் வாயை மூடிவிட்டார்.

வங்கியில் எல்.சி. திறந்தோம், அதாவது ஆவணங்கள் சரியாக வந்தால் விற்பவருக்கு வங்கி பணம் கொடுக்கும் என்ற கடன் கடிதம். வங்கி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. வங்கி பார்ப்பது கடதாசியை மட்டும்தான். எல்.சி.க்கான சர்வதேச விதியான யூ.சி.பி. 600 அப்படித்தான் சொல்கிறது: வங்கிக்கு ஆவணங்களோடுதான் வேலை, பொருளோடு அல்ல. கார் 46,000 பெறுமா 39,000 பெறுமா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் பேராசை யாரை விட்டது? கூலியில் கொஞ்சம் குறைக்கலாமே என்று நான் தொணதொணக்க, ஏஜன்ட் கோபப்பட்டு, லண்டனில் இருக்கும் தன் கொம்பனிக்கு ஷோரூம்காரர் கொடுத்த இன்வொய்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 46,800 பவுண். “பாருங்கோ அண்ணே, நான் 46,800க்கு வாங்கி உங்களுக்கு 46,000க்குத் தாறன். எனக்கு 800 பவுண் நட்டம்.” உண்மையைச் சொன்னால் எனக்கு அன்றிரவு மனம் கேட்கவில்லை. பாவம், மனுசனைப் போட்டு நசுக்கிவிட்டோமோ என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த இன்வொய்ஸை அத்தானுக்கு அனுப்பினேன். அத்தான் அங்கே பலசரக்குக் கடை நடத்துகிறார், மூன்று மாதத்துக்கொருமுறை வற் கணக்குக் கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, இதில ரெண்டு தொகை தனித்தனியா இருக்கு, பாத்தனியா? கார் 39,000. வற் 7,800. அந்த வற்றை அவன்ர கொம்பனி அரசாங்கத்திட்டத் திருப்பி எடுக்கும். கார் நாட்டை விட்டு வெளியில போகுது, உனக்கு விக்கேக்க வற் பூச்சியம். அவனுக்கு நட்டமில்லை. 7,000 பவுண் லாபம்.”

அங்கே வற் 20 வீதம். விலைப்பட்டியலில் இருக்கும் விலைக்குள் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஏற்றுமதியாகும் பொருளுக்கு அது கிடையாது. மூன்று மாதத்துக்குள் அனுப்பிய ஆதாரத்தைக் காட்டினால் சரி. அதாவது நான் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டிய இடம் 48,000 அல்ல, 40,000. மேலே நின்ற 8,000 எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டின் வரி. அதில் 2,000ஐ வெட்டிவிட்டு வெற்றி என்று தம்பியிடம் பெருமையடித்திருக்கிறேன். அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

அப்போது பவுண் ஏறக்குறைய 400 ரூபா. 7,000 பவுண் என்றால் 28 இலட்சம். அதற்கு இங்கே 30 வீதத் தீர்வை மட்டும் 8 இலட்சத்து 40 ஆயிரம். சொகுசு வரியையும் வற்றையும் கூட்டினால் வரும் தொகையை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏஜன்டிடம் கேட்டேன். மறுக்கவில்லை. “விலை பேசினது நீங்கள், ஒத்துக்கொண்டதும் நீங்கள். வியாபாரத்தில லாபம் வைக்கிறது களவா?” என்றார். வக்கீலும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்: கையெழுத்துப் போட்ட விலை, பொய்யான ஆவணம் ஒன்றும் இல்லை, வழக்கு இழுபடும். லாபம் வைத்ததில் எனக்குப் பிரச்சினை இல்லை. 3 இலட்சம் கூலி கேட்டார், கொடுத்தேன். நட்டம் என்று சொல்லி என்னைப் பரிதாபப்பட வைத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கார் வந்து நிற்கிறது. நல்ல கார், குறை சொல்ல மாட்டேன். உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தை வாசலில் வைத்துக்கொண்டு அம்பாந்தோட்டை வரை போய்க் கூட்டிவந்தோம், அது வேறு கதை.

உவர்மலைக்காரர் இருவருக்கும்: அவர் காட்டும் விலையை ஆறால் வகுத்து, ஒரு பங்கைக் கழித்துவிட்டு, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள். ஷோரூம் இன்வொய்ஸின் பிரதி வேண்டும் என்று அட்வான்ஸுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள், லாபத்தைக் கூலியாக மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் தேத்தண்ணியோடு அனுப்பிவிடுங்கள். என்னுடைய இரண்டு இன்வொய்ஸும் விடுதி மேசையில்தான் இருக்கின்றன, பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு எப்போதும் வரலாம்.