எட்டு மாசமாக ஒரு படிப்பு ஆப்பும் நானும்

கூட வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி நேற்று கேட்டாள்: "அக்கா, நீங்க படிக்கிற ஆப் இப்போ பாதி விலைக்குப் போட்டிருக்கான். வாங்கலாமா?" வார்டில் நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே.

அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸ் லைசென்ஸுக்கு எழுதும் என்கிளெக்ஸ் பி.என். பரீட்சைக்கு எட்டு மாசமாக இதில்தான் படிக்கிறேன். கேள்விகள் தரம், விளக்கங்கள் அதைவிடத் தரம். என் சண்டை அதன் அட்டவணையோடு.

பரீட்சைத் தேதியைக் கொடுத்தால் தினமும் ரெண்டு மணி நேரம் என்று பிரித்துத் தரும். ஒரு நாள் விட்டால் மறுநாள் நாலு, அதையும் விட்டால் ஆறு. கந்துவட்டிக்காரன்கூட வீட்டில் விசேஷம் என்றால் ஒரு நாள் பொறுப்பான். நைட் டூட்டி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே இதற்குத் தெரியாது. காலையில் ஹேண்டிங் ஓவர் கொடுத்து, புதூர் வந்து சேர்ந்து கண்ணை மூடினால் சரியாகப் பத்து மணிக்கு மணியடித்து எழுப்பும். சித்திரையில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை வந்த வாரம் தெருவெல்லாம் நீர்மோர்ப் பந்தல், வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆறு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ஏழாம் நாள் 14 மணி நேரம் படி என்றது. போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

இப்போது டூட்டி ரோஸ்டர் பக்கத்திலேயே பேனாவால் எழுதி வைத்துக்கொள்கிறேன்: நைட் வாரத்தில் தினம் 20 கேள்வி, ஆஃப் அன்று ஒரே மூச்சில் 85. நிஜப் பரீட்சையில் குறைந்தது அத்தனை வரும், அதிகபட்சம் 150, மொத்தம் ஐந்து மணி நேரம்.

அந்த 85-ல்தான் இந்த ஆப்பை மன்னிக்கிறேன். பதிலை அழுத்திவிட்டால் முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது, பரீட்சையிலும் அப்படித்தான். தெரியாததை விட்டுவிட்டுக் கடைசியில் வந்து எழுதிப் பழகிய கை நமக்கு. முதல் மாசம் முழுக்க விரல் தானாக இடது மூலைக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. இப்போது போவதில்லை. ஒரு கேள்வி: நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 2.9, ரொம்பக் குறைவு; அதை இன்னும் குறைக்கிற நீர் மாத்திரை ஃப்யூரோசமைட் அடுத்த டோஸ் கொடுக்கலாமா, முதலில் டாக்டரிடம் சொல்லணுமா? படித்தேன், அழுத்தினேன், அடுத்தது.

பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு 2023 ஏப்ரலில் இருந்து பரீட்சையில் சரியாகத் தொட்ட அளவுக்குப் பகுதி மார்க்காவது கிடைக்க வழியுண்டு. இந்த ஆப்பில் ஒன்று தப்பினால் முட்டைதான். சரி, போகட்டும்.

தங்கச்சிக்கு என் பதில்: வாங்காதே. அடுத்த மூணு மாசத்துக்கு நான் நேற்றே கட்டிவிட்டேன், வேணும்னா என் போனில் பார்த்துக்கோ.